செவிட்டு நாயும் பாம்பனில் இறங்காத மகனும்

தம்பி,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் கடிதம் வந்த அன்று உன் அம்மா அதைப் படித்துவிட்டு, மடித்து உப்புச் சாடிக்கு அடியில் வைத்துக்கொண்டே, "உங்களுக்கு ஒண்ணும் எழுதலைங்க" என்றாள். எனக்கு ஒன்றும் எழுதாத கடிதத்தில் என்னைப் பற்றித்தான் முழுக்க எழுதியிருப்பாய் என்று தெரிந்துகொள்ள பி.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை, ஆனாலும் நான் படித்திருக்கிறேன். அவள் தண்ணீருக்குப் போனதும் சாடியைத் தூக்கினேன். மதுரையில் கல்யாணம் முடிந்து நாங்கள் முன்னால் ஊர் திரும்பிவிட, நீ பின்னாலேயே பெண்ணையும் பெண் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாட வருகிறாய். வழியில் பாம்பனில் இறங்கி, பெண் முதன்முதலாக நம் வீட்டில் காலெடுத்து வைத்து, எல்லோரும் விருந்து சாப்பிட்டுத் தங்கிப் போவதாக ஏற்பாடு. ஆனால் அதற்குள் "அந்தச் செவிட்டு நாயை" எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் ரயில் பாம்பனில் நிற்கும், நீங்கள் இறங்கமாட்டீர்கள். நேரே ராமேசுவரம் போய்ச் சத்திரத்தில் தங்கிக்கொள்வீர்கள். உன் மாமனாருக்கு நாய் என்றாலே ஆகாதாம்.

உன் அம்மா அன்றிலிருந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல், பரணிலிருந்து வெண்கலப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கிறாள். மருமகளுக்குப் புது மெத்தை வேண்டும் என்று பஞ்சு அடிக்கிறவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். தேய்த்து முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு நாய்க்குச் சோறு பிசைகிறாள். மருமகளை வரவேற்காமலும் அவளால் இருக்க முடியாது, நாயை அனுப்பிவிட்டும் இருக்க முடியாது. அதனால் முடிவை என் தலையில் கட்டிவிட்டு, பாத்திரம் விளக்குகிற சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறாள். முடிவை எடுத்துவிட்டேன். அதைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததை முழுதாகச் சொல்லவேண்டும். நீ பொங்கலுக்கு வந்தபோது பார்த்தது நடுவில் ஒரு துண்டு. பின்பக்கமாக வந்து, படுத்திருந்த நாயைத் தாண்டினாய். அது உன் வேட்டியைக் கவ்வியது. நீ அடுத்த ரயிலுக்கே கிளம்பிவிட்டாய். வேட்டியின் கிழிசலை வைத்து ஒரு ஜீவனைத் தீர்மானிக்கக் கூடாது.

எனக்குச் சூப்பிரண்டு வேலை கிடைக்காமல் போன கதை உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்லாமல் விடமாட்டேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தத் துறைமுக ஆபீசில், பாலம் திறப்பதற்காகக் காத்திருக்கும் கப்பல்களுக்கெல்லாம் கணக்கு எழுதியவன் நான். சுதந்திரம் வந்தால் அந்த நாற்காலி எனக்கு வரும் என்று ஊரே சொன்னது. சுதந்திரம் வந்தது. நாற்காலியில் உட்காரத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பையன் வந்தான். வயதில் எனக்குத் தம்பி, எழுத்தில் கோழிக் கிறுக்கல். அவன் ரயிலிலிருந்து இறங்கியபோது பாம்பன் ஸ்டேஷனில் மாலை போட்டு வரவேற்றார்கள். முதல் மாலை போட்டவர் சூசை சம்மாட்டி. சம்மாட்டி என்றால் படகும் வலையும் சொந்தமாக வைத்துக்கொண்டு ஆள்வைத்து மீன்பிடிக்கிறவர். உனக்குத் தெரியும், உன் மனைவி படித்தால் தெரியாதே என்று எழுதுகிறேன். அன்றிலிருந்து நான் சூசை சம்மாட்டியோடு பேசுவதில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. அதுதான் பேசாமல் இருப்பதில் உள்ள சிரமம்.

அந்தக் காலத்தில்தான் நான் ஆபீசுக்குப் போகிற வழியில் இந்த நாயைப் பார்த்தேன். கருவாடு அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்று நொடித்துப் போய், முதலாளி கதவைப் பூட்டிவிட்டு அக்கரைக்குப் போய்விட்டான். காக்கையும் பூனையும் அண்டாமல் குரைப்பதற்காக வைத்திருந்த நாயை மட்டும் கம்பத்தில் கட்டியபடியே விட்டுப் போனான். போகிற வருகிறவர்கள் போட்டதைத் தின்று அது கிடந்தது. வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் சூ சூ என்று விரட்டினேன். திரும்பவில்லை. கையைத் தட்டினேன். திரும்பவில்லை. "ஏலே, நகரு" என்றேன். கடலைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விட்டது. மறுநாளும் அப்படியே. என்னை யாரும் மதிக்கவில்லை என்ற செய்தி கிட்டங்கி நாய் வரைக்கும் எட்டிவிட்டது என்று நினைத்தேன். நீ சிரிப்பாய். நான் அந்த நாயோடும் பேசுவதில்லை என்று தீர்மானித்து, சுற்றிக்கொண்டு வேறு வழியாக ஆபீசுக்குப் போக ஆரம்பித்தேன். வெயிலில் அது நல்ல தூரம்.

சுற்றுவழியில் என் செருப்பு அறுந்துபோன ஒருநாள் வேறு வழியில்லாமல் பழைய பாதையிலேயே போனேன். கப்பல் ஒன்று கடப்பதற்காகப் பாலம் திறந்திருந்தது. அதனால் கிட்டங்கிக்குப் பின்னால் ரயில் நின்றுவிட்டது. எஞ்சின்காரன் பொறுமை இழந்து ஊதிக்கொண்டே இருந்தான். கரையில் இருந்த காக்கை முழுக்க எழும்பிப் பறந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாய் மட்டும் நிதானமாக வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அதற்குக் காது கேட்கவில்லை. இத்தனை நாளும் அது என்னை அவமதிக்கவில்லை. இந்த ஊரில் என்னை வேண்டுமென்று அலட்சியம் செய்யாத ஒரே பிராணி அதுதான் என்று புரிந்தபோது, கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கழுத்துக் கயிறு தோலுக்குள் இறங்கியிருந்தது. முதுகில் முடி இல்லை. மோவாய் முழுக்க நரை. பென்சில் சீவுகிற கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டு, ஓடு என்றேன். கேட்காது என்பது நினைவுக்கு வந்து கையால் காட்டினேன். அது கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, கயிறு எட்டுகிற இடத்தில் நின்றுவிட்டது. கயிறு தரையில் கிடந்தது.

வேறு வழியில்லை, தூக்கிக்கொண்டேன். சொறி நாயை மார்போடு அணைத்துக்கொண்டு பாம்பன் கடைத்தெருவில் பகல் வெளிச்சத்தில் நடந்த முதல் பட்டதாரி நானாகத்தான் இருக்கவேண்டும். சூசை சம்மாட்டி தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "என்னய்யா, ஆபீசுக்குப் புது ஆளா?" என்றார். எனக்குப் பதில் அடுத்த ஊரான அக்காள்மடம் போகிற பாதி வழியில்தான் தோன்றியது. ஆனால் நான் அந்தப் பக்கம் போகவே வேண்டியதில்லை, கோபத்தில் வீட்டைத் தாண்டி நடந்திருந்தேன். திரும்பி வந்து நாயைக் கொல்லையில் இறக்கியபோது உன் அம்மா அதைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "நான் கேட்டது பசுமாடு" என்றாள். ஆர்.எஸ்.மங்கலத்தில் என் அய்யா வீட்டுத் தொழுவத்தைப் பார்த்துக் கல்யாணத்துக்குச் சம்மதித்தவள் அவள். அதை இன்னும் மறக்கவில்லை. பகையை நினைவில் வைத்திருப்பதில் அவளும் எனக்கு இளைத்தவள் இல்லை.

அவள் அதை அன்றே துரத்தியிருப்பாள். நாயைக் காப்பாற்றியது என் கருணை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அது என்னைக் கடித்ததுதான் அதைக் காப்பாற்றியது. அது கண்மூடிப் படுத்திருந்தபோது பின்னால் போய் முதுகில் அன்பாகத் தட்டினேன். எனக்கு அதில் பழக்கம் குறைவு, கை கொஞ்சம் பலமாக விழுந்திருக்கலாம். திடுக்கிட்டு எழுந்து, யார் என்று பார்ப்பதற்கு முன்னால் கையைக் கவ்விவிட்டது. பார்த்ததும் விட்டுவிட்டது; அதையும் சொல்லவேண்டும். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டேன். டாக்டர் உன் அம்மாவிடம் சொன்னார்: "நாயைப் பத்து நாள் பத்திரமாப் பாத்துக்கங்கம்மா. அது சாப்பிட்டு நல்லா இருந்தா இவரும் நல்லா இருப்பாரு. அதுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா இவரைக் கூட்டிக்கிட்டு ஓடியாங்க."

அன்றிலிருந்து நம் வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். தன் தாலி அந்த நாயின் தட்டில் இருப்பதாக உன் அம்மா முடிவு செய்துவிட்டாள். ஊசி போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் ஏறினால், உங்களுக்கு வலிக்கிறதா என்று கேட்கமாட்டாள். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்து, "பெரியவர் சாப்பிட்டுட்டாரு" என்று நிம்மதியாகச் சொல்வாள். நரைத்த மோவாயைப் பார்த்து அவள் வைத்த பெயர் அது. கூப்பிட்டால் கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று கேட்டேன். "கூப்பிடவா பேரு? மருவாதிக்குத்தான்" என்றாள். பெரியவருக்கு முட்டை. பெரியவருக்கு நெத்திலிக் குழம்பில் முள் எடுத்த சோறு. புங்க எண்ணெயும் மஞ்சளும் குழைத்து முதுகில் தடவி, வெயிலில் உட்காரவைத்து, கூடவே தானும் உட்கார்ந்திருப்பாள். பெரியவர் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் உன் அம்மா மாதா கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். எனக்கு அதே வேளையில் பழைய சோறு. டாக்டர் சொன்ன கெடு முடிந்து, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை என்றானபோது, இனி இதை என்ன செய்வது என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். புது ஊழியர் வந்தும் பழைய கிளார்க் தன் மேசையைக் காலிசெய்யாதபோது சூப்பிரண்டு பார்ப்பாரே, அந்தப் பார்வை.

உடம்பு தேறிய பிறகும் அது கொல்லைத் தூணைச் சுற்றி வட்டத்திலேயே இருந்தது. நாங்கள் அதைக் கட்டவே இல்லை. ஆனாலும் கயிற்றின் நீளம் அதன் காலுக்குத் தெரிந்திருந்தது. எல்லையில் வந்து நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, யாரோ பின்னால் இழுப்பதுபோல முனகும். நான் தூக்கி வெளியே வைத்தால், நான் திரும்புவதற்குள் உள்ளே போய்விடும். நான் அதற்கு விளக்கிச் சொன்னேன் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சொன்னேன்தான், காது கேட்காதவரிடம் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, நடுவில் மறுத்துப் பேசமாட்டார்கள். அவள் பேசவில்லை. சோற்றுத் தட்டை அந்த வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே வைத்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். எட்டாமல் அது அழுதபோது எனக்குப் பொறுக்கவில்லை, உள்ளே தள்ளிவைக்கப் போனேன். "வைங்க பாப்போம், கைய ஒடிக்கிறேன்" என்றாள். கடைசியில் நெத்திலி வறுத்த ஒரு நாளில், பெரியவர் ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார். வைத்த காலைத் தானே குனிந்து பார்த்தார். பிறகு அடுத்த கால். உன் அம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அன்று ஆபீசுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால் நீ குடும்பம் நடத்தப் போகிறாய். நாயையும் பெண்ணையும் ஒப்பிடுகிறேன் என்று உன் மாமனார் மேசையைத் தட்டலாம். நான் ஒப்பிடுவது உன்னையும் என்னையும். ஆபீசில் ஒருவன் நம்மைக் கட்டிப்போட்டான் என்று நாம் வீட்டுக்குள்ளும் அந்தக் கயிற்றின் நீளத்துக்கே நடப்போம். யார் விளக்கிச் சொன்னாலும் வெளியே வரமாட்டோம். அப்போது உன் மனைவி பேசாமல் தட்டைத் தள்ளிவைத்தால், உன்னைப் பட்டினி போடுகிறாள் என்று நினைத்துக் கத்தாதே. அவள் பதில் சொல்லாத நேரங்களும் வரும். உன்னை மதிக்கவில்லை என்று முடிவுகட்டிச் சுற்றுவழியில் நடக்க ஆரம்பிக்காதே, செருப்புத்தான் தேயும். கிட்டத்தில் போய், முன்பக்கமாகப் போய், என்னவென்று பார். முன்பக்கமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். எவரையும் தூக்கத்திலும் யோசனையிலும் பின்னாலிருந்து தொடாதே. எங்களுக்கு இப்போது அது வழக்கமாகிவிட்டது. அறைக்குள் நுழையும்போது காலால் தரையைத் தட்டுகிறோம். அதிர்வு தெரிந்து பெரியவர் தலையைத் தூக்குவார். சாப்பாடு, வெளியே போகலாம், வேண்டாம், எல்லாவற்றுக்கும் கையசைவு உண்டு. நாளடைவில் உன் அம்மாவும் நானும் ஒருவருக்கொருவர் அதிலேயே பேச ஆரம்பித்துவிட்டோம். காபி ஆறுகிறது என்று அவள் கையால் சொன்னால் அதில் குத்தல் தொனி இருப்பதில்லை. நானும் கையால் எதிர்வாதம் செய்ய முடியாது. வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி உன்னால்.

இனி ஊரில் எனக்கு வந்த வழக்கு. நீ யார் மூலமோ அரைகுறையாகக் கேள்விப்பட்டு, அதனால்தான் வெட்கப்படுகிறாய் என்று நினைக்கிறேன். காலையில் பெரியவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். வட்டத்தைத் தாண்டக் கற்ற பிறகு அது கற்றதை நிறுத்தவில்லை, வெகுதூரம் போய்விடும். கூப்பிட்டால் கேட்காது. அதனால் மணல் மேட்டில் ஏறி நின்று, மேல்துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றினேன். எங்கிருந்தாலும் பார்த்துவிட்டு ஓடிவந்தது. என் கண்டுபிடிப்பில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் சுழற்றினேன். இத்தனை வருஷம் பாம்பனில் இருந்தும், கரையிலிருந்து வலை இழுக்கிற கரைவலைக்காரர்கள் எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று நான் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. என் கண் ஆபீஸ் கணக்கில் இருந்தது. மணல் மேட்டில் ஓர் ஆள் நின்று கடலைப் பார்ப்பான். மீன் கூட்டம் நிறம் மாறித் தெரிந்தால் துண்டை அசைத்துப் படகுக்கு வழி காட்டுவான். தலைக்குமேல் சுழற்றினால் அங்கேயே வலையை வளைத்துப் போடு என்று அர்த்தம். கடலில் கூப்பாடு கேட்காது. படகில் இருப்பவனுக்குத் துண்டுதான் வாக்கு.

மேட்டில் நிற்கவேண்டிய சூசை சம்மாட்டியின் ஆள் அன்று காய்ச்சலில் படுத்திருந்தான். மாற்று ஆள் வருவதாகப் படகுக்குச் சொல்லியிருந்தார்கள். மாற்று ஆள் டீக்கடையில் இருந்தான். மேட்டில் நான் இருந்தேன். பெரியவர் பாறைப் பக்கம் நண்டு துரத்திக்கொண்டிருந்தார். நான் வழக்கத்தைவிட உற்சாகமாகவே சுழற்றினேன். படகு திரும்புவதைப் பார்த்தேன். அழகாகத் திரும்புகிறார்களே என்று ரசித்துக்கொண்டும் இருந்தேன். சூசை சம்மாட்டியின் புது வலை முழுதும் கடலடிப் பாறைமேல் இறங்கிக் கிழிந்து, நாலு பேர் இழுத்தபோது கந்தையாகக் கரைக்கு வந்தது.

மாதா கோயில் முன்னால் கூட்டம் கூட்டினார்கள். நாயை ரயிலில் ஏற்றிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் விட்டுவிட வேண்டும் என்பதுதான் ஊரின் பேச்சு. நாய் இருக்கட்டும், துண்டு சுழற்றுவதை மட்டும் விட்டுவிடு என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை; சொல்லியிருந்தாலும், துண்டில்லாமல் இந்த நாயை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கே தெரியவில்லை. கட்டிப்போடலாம் என்று ஒருவர் சொன்னார். உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டாள், பேசவில்லை. நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். துண்டு என்பது பொதுவான உடை, அதை அசைப்பது தனிமனித உரிமை, சைகைகளை எந்தச் சட்டமும் ஒரு தொழிலுக்கென்று ஒதுக்கி வைக்கவில்லை என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன். சூசை சம்மாட்டி கடைசிவரை கேட்டார். "ஐயா, கடல்ல கெடக்கவன் சட்டம் படிக்கல. துண்டத்தான் பாக்குறான். நாளைக்கு நீங்க துண்டு வீசி ஒருத்தன் பாறையில போயி விழுந்தா, நாய வச்சு என்ன செய்ய?" என்றார். அவர்மேல் எனக்குப் பகை இருந்தாலும் அது நியாயம் என்பது எனக்குத் தெரிந்தது. பெரியவர் என் காலடியில் படுத்து, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல் எல்லோர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உன் அம்மா ஊர்க்கூட்டத்தில் வாழ்நாளில் முதன்முறையாகப் பேசினாள். "கடலுக்குத் தெரியாமக் கூப்பிட்டாச் சரிதானே?" என்றாள். கூட்டத்துக்கு மறுபுறம் போய் மணலில் குந்தி உட்கார்ந்தாள். பிள்ளையை நடைபழக்குகிறவளைப்போல இரண்டு கையையும் விரித்தாள். கொல்லையில் அவள் அதை அப்படித்தான் கூப்பிடுவாளாம்; எனக்குத் தெரியாது. பெரியவர் எழுந்தார். அத்தனை பேர் காலுக்கு நடுவில், யாரையும் மிதிக்காமல், நேராக நடந்துபோய் அவள் மடியில் மோவாயை வைத்தார். உட்கார்ந்திருக்கும் ஆள் கடலுக்குத் தெரியமாட்டாள்தான். சூசை சம்மாட்டி யோசித்தார். "அம்மா உக்காருவாக. ஐயா உக்காருவாரா?" என்றார்.

கூட்டம் சிரித்தது. தம்பி, நான் நாற்காலிக்காக வாழ்நாளைக் கழித்தவன். அந்தத் தூத்துக்குடிப் பையனும் வேடிக்கை பார்க்க வந்து ஓரமாக நின்றிருந்தான். வேட்டி அன்றுதான் வெளுத்து வந்தது. முழங்கால் வேறு சொன்னபடி கேட்காது. ஆனால் மண்டபம் ஸ்டேஷனில் அந்தக் கிழட்டு நாய் இறக்கிவிட்ட இடத்திலேயே கயிறு இல்லாமல் வட்டம் போட்டுக்கொண்டு கிடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. குந்தினேன். கையை விரித்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார். உன் அம்மாவைப் பார்த்தார். சாவகாசமாகக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வரமாட்டாரோ என்று விரித்த கையை இன்னும் விரித்தேன். சூப்பிரண்டு வேலைக்கு உத்தரவு வந்த அன்றுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை. பிறகு வந்தார். வந்த வேகத்தில் நான் மல்லாந்து விழுந்தேன். தூக்கிவிட்டவர் சூசை சம்மாட்டி. அதற்காக அந்த மாலையை நான் மன்னித்துவிடவில்லை, பேசுகிறேன், அவ்வளவுதான்.

கிழிந்த வலைக்கு ஈடாக ஊர் எனக்கு ஒரு தண்டனை போட்டது. படகுக்காரர்கள் துறைமுக ஆபீசுக்கு அனுப்பும் மனுக்களை எல்லாம் நான் எழுதிக் கொடுக்கவேண்டும். மாலையில் சூசை சம்மாட்டி வீட்டில் உட்கார்ந்து, மறுக்கவே முடியாதபடி மனு எழுதுகிறேன். காலையில் அது என் மேசைக்கு வருகிறது. விதிப்படி மறுத்துப் பதில் எழுதுகிறேன். மாலையில் அந்தப் பதிலில் உள்ள ஓட்டைகளைப் படகுக்காரர்களுக்குச் சுட்டிக்காட்டி அடுத்த மனு எழுதுகிறேன். சூப்பிரண்டுக்குத் தலை சுற்றுகிறது. இவ்வளவு திருப்தியான உத்தியோகம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

இப்போது முடிவு. நாய் எங்கேயும் போகாது. உன் அம்மாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். அவள் கையால் ஒரு சைகை காட்டினாள். அது காபியா, சந்தோஷமா என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் காபி வந்தது. அதன் பிறகு பின்பக்கம் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்க்காமலே நின்றாள். அவளுக்கு மருமகளை இந்த வீட்டு வாசலில் பார்க்கவேண்டும், தம்பி. சத்திரத்தில் போய்ப் பார்த்தால் அவளுக்கு ஆகாது. அதை அவள் உனக்கு எழுதமாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன். உன் மாமனாருக்காக நான் செய்யக்கூடியதைச் செய்கிறேன். நிச்சயதார்த்தத்தில் எனக்குக் கொடுத்த பாயசத்தில் முந்திரி இல்லை, பக்கத்தில் இருந்தவர் டம்ளரில் இருந்தது, அதை நான் கவனித்தேன், இருந்தாலும் செய்கிறேன். பெரியவருக்குக் கொல்லைப் பக்கம் தனிப் பந்தல் போட்டிருக்கிறது. உடம்பில் முடி முழுக்க வளர்ந்துவிட்டது, சொறி என்று ஒரு புள்ளி கிடையாது. உன் மாமனார் முன்பக்கமாக வரவேண்டும், தரை அதிர நடக்கவேண்டும், அவ்வளவுதான். அவருக்கு இரண்டும் ஏற்கெனவே பழக்கம். உன் மனைவியிடம் மட்டும் கேட்டுப் பார். இந்த நாயைப் பற்றி நீ உன் பயத்தை எழுதினாய், உன் மாமனாரின் அருவருப்பை எழுதினாய். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அவளை யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். கையெழுத்து இருந்தால் நீ பதில் எழுதுவாய். என் மகன் நீ. ஒவ்வொரு வரிக்கும் எதிர்வாதம் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுவாய். நான் அதைவிட நீளமாக எழுதுவேன். நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ரயில் பாம்பனைத் தாண்டிப் போய்விடும். அதனால் இதைக் கையெழுத்து இல்லாமல் தபாலில் சேர்க்கிறேன். மொட்டைக் கடிதத்துக்கு யாரும் பதில் எழுத முடியாது. யார் எழுதியது என்று விசாரிக்கவேண்டுமானால், ரயிலைவிட்டு இறங்கித்தான் ஆகவேண்டும்.